நெட்டில் இருக்கிறதே, எதற்கு இன்னொரு பிரதி?

"எல்லாந்தான் நெட்ல இருக்குதே, அதை எதுக்குங்க டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டு?"

நிரல் எழுதும் யாரிடமாவது, அவர் புழங்கும் மொழியின் கையேட்டைச் சொந்த மடிக்கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தப் பதில்தான் வரும். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தில் தறிக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கல்லூரி ப்ராஜெக்ட் செய்யும் மாணவரும் இதையே சொல்வார். பெங்களூரில் பத்து வருடம் கொட்டை போட்டவரும் இதையே சொல்வார். கொஞ்சம் கிளறினால் துணை வாதங்கள் வரிசையாக வரும். இணையம் எந்நேரமும் இருக்கிறது. டேட்டா மலிவு. இறக்கி வைத்த பிரதி பழசாகிவிடும். ஒரு தளம் போனாலும் காப்பகம் எதிலாவது கிடைக்கும். இதெல்லாம் போதாதென்று செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது, இனி கையேட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இந்தக் கருத்து கேள்வி கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியைத்தான் பார்க்க வேண்டும்.

இணையம் எந்நேரமும் இருக்கிறது என்பவர்கள் எந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்கள் என்பது முக்கியம். துணை மின் நிலையப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி மாலையில் கொடுப்பது சேலம், நாமக்கல் பக்கம் எல்லா ஊருக்கும் பழகிப்போன சங்கதி. எந்தெந்த ஊர் என்ற பட்டியல் முதல் நாள் பேப்பரிலேயே வந்துவிடும். அன்றைக்கு விசைத்தறி நிற்கும். மடிக்கணினி மட்டும் பேட்டரியில் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். எடிட்டர் ஓடும், கம்பைலர் ஓடும், எழுதிய நிரலும் ஓடும். வீட்டு ரவுட்டர் மட்டும் அணைந்து கிடக்கும். செல்போனில் ஹாட்ஸ்பாட் போடலாம். வைஃபை போன எல்லா வீடும் அதே டவரைத்தான் அந்த நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக என்ன கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக ஒரு பக்கம் திறக்கக் காத்திருப்பதுதான் மிச்சம். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கழிந்ததைப் பார்த்த ஊர்களில் இதைக் கற்பனைச் சிக்கல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மின்சாரம் இருந்தும் இணையம் போன நாட்களும் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை ஐந்து நாட்களுக்கு நிறுத்தத் தமிழக அரசு உத்தரவிட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட்டில் மொத்தமாக வெட்டப்பட்ட இணையம் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் அரைகுறையாகத் திரும்பியது. 4ஜி வந்தது 2021 பிப்ரவரியில். அவ்வளவு காலமும் நிரல் எழுதிப் பிழைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கலவரம், தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுப்பது என்று இந்தியாவில் இணையத்தை நிறுத்தச் சொல்லப்படும் காரணங்களின் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகிறது.

இன்னொரு வகை உண்டு. அதில் இணையம் இருக்கும், தளம் மட்டும் இருக்காது. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை 32 தளங்களை முடக்கச் சொன்ன உத்தரவில் கிட்ஹப்பின் ஜிஸ்ட், சோர்ஸ்ஃபோர்ஜ், பேஸ்ட்பின் எல்லாம் சேர்ந்துகொண்டன. பயங்கரவாதிகளின் பிரசாரத்தைத் தடுக்கக் கிளம்பிய வலையில் நிரலாளர்களின் குறிப்பேடுகளும் சிக்கின. 2017 ஆகஸ்ட்டில் நடந்தது இன்னும் விசேஷம். இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2,600-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. அதாவது, 'தளம் போனாலும் காப்பகத்தில் கிடைக்கும்' என்று கைகாட்டப்படும் அதே காப்பகம். சில நாளில் தடை நீங்கியது என்பது வேறு விஷயம். 2022-ல் விஎல்சி பிளேயரைத் தரும் வீடியோலேன் தளம் இந்தியாவில் பல மாதம் திறக்காமல் கிடந்து, அந்த அமைப்பு சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில்தான் திறந்தது. ஒரு வீடியோ பிளேயரின் தளத்தால் நாட்டுக்கு என்ன கேடு என்று யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

இத்தனையும் சொன்ன பிறகும் எதிர்த்தரப்பு ஒரு கேள்வி கேட்கும்: வருடத்தில் நான்கைந்து நாள் கூத்துக்கு இவ்வளவு ஏற்பாடா? நியாயமான கேள்வி. ஆஃப்லைன் பிரதிக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாகத் தோற்பதும் இங்கேதான். அவர்கள் இந்தப் பிரதியை ஜெனரேட்டர் போல, இன்வெர்ட்டர் போல, ஆபத்துக்கு உதவும் பொருளாக மட்டும் பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் மின்சாரம் ஒழுங்காக வரும் வீட்டுக்காரர் சிரிக்கத்தான் செய்வார். விஷயம் அது இல்லை. இணையம் ஒரு நொடிகூட நிற்காத வீட்டிலும் அந்தப் பிரதி வேண்டும். காரணம், 'பழசாகிவிடும்' என்ற அந்த இன்னொரு வாதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

பிரதி பழசாகிவிடும் என்பது உண்மை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் பழசுதானே?

ஜலகண்டாபுரத்தில் ஜக்கார்டு போட்ட தறி வைத்திருக்கும் எந்த நெசவாளருக்கும் இது விளங்கும். சேலையின் டிசைனை அட்டையில் துளையாக அடித்து, அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றுகிறார்கள். 240 கொக்கி ஜக்கார்டுக்கு அடித்த அட்டை 120 கொக்கி ஜக்கார்டில் உட்காராது. டிசைன் எவ்வளவு புதுசு, எவ்வளவு அழகு என்பது பிறகு. இந்தத் தறிக்கு இந்த அட்டை பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி. பொருந்தும் அட்டை கடைக்காரர் வீட்டில் இருந்தால் இங்கே புட்டா விழாது, தறி மேலேயே இருக்க வேண்டும்.

நிரல் மொழியின் கையேடும் அப்படித்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பைத்தானையே எடுத்துக்கொள்ளலாம், தமிழகப் பாடத்திட்டத்தில் பிளஸ் 2 மாணவர்கள் படிக்கும் மொழி அது. தேடுபொறியில் பைத்தான் பற்றி எதைத் தேடினாலும் பெரும்பாலும் ஆகப் புதிய பதிப்பின் கையேட்டுக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஐடர்டூல்ஸ் பக்கத்தில் 'பேட்ச்டு' என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு பட்டியலை ஐந்தைந்தாகவோ பத்துப்பத்தாகவோ பிரித்துத் தரும். மாணவர் அதைப் பார்த்து மகிழ்ந்து எழுதுகிறார். ஆய்வகக் கணினியில் இருப்பது 3.8. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்து விழுகிறது. கையேட்டின் மேல் தப்பில்லை, '3.12-ல் சேர்க்கப்பட்டது' என்று கீழே சின்ன எழுத்தில் அது சொல்லித்தான் இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்தைக் கவனிக்கும் பக்குவம் அனுபவத்தில் வருவது. 3.8-க்கான கையேடு கையில் இருந்தால் அந்த ஃபங்ஷன் கண்ணிலேயே பட்டிருக்காது, வேறு வழி பார்த்திருப்பார்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் டிஸ்ட்யூடில்ஸ் என்ற மாட்யூல் நீக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் சிஜிஐ, டெல்நெட்லிப் உள்ளிட்ட 19 பழைய மாட்யூல்களை ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். பத்து வருடம் முன்னால் யாரோ சிஜிஐ-யில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஆர்டர் படிவம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பழுது பார்க்க வருகிறவருக்குப் புதிய கையேடு சொல்வது ஒன்றுதான்: இது இப்போது இல்லை. அவருக்கு வேண்டியது அது இருந்த காலத்துக் கையேடு.

பைத்தான்காரர்கள் நல்லவர்கள், பழைய பதிப்புகளின் கையேடுகளையும் தளத்தில் வைத்திருக்கிறார்கள் என்று குறுக்கே பேசலாம். சரிதான். அதுவும் ஒருவர் தனது இயந்திரத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்து, பக்கத்தின் மூலையில் உள்ள பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் பலிக்கும். ஒவ்வொரு முறையும் யார் அதைச் செய்கிறார்கள்? நிறுவும்போதே உடன் வந்த பிரதிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எல்லாரும் பைத்தான்காரர்கள் மாதிரி இருப்பதும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் கதை அதற்குச் சாட்சி. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6, தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பில்லிங், சீட்டு கம்பெனிக் கணக்கு, ரைஸ் மில் ஸ்டாக் என்று புகாத இடம் இல்லை. அதோடு எம்.எஸ்.டி.என். நூலகம் என்ற பெயரில் இரண்டு குறுந்தகடு நிறைய உதவிப் பக்கங்கள் வரும். திருட்டுப் பிரதி எடுத்தவர்கள் பலர் மென்பொருள் இருந்த வட்டை மட்டும் நகல் எடுத்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். விளைவு, எஃப்1 அழுத்தினால் 'எம்.எஸ்.டி.என். தொகுப்பு இல்லை, மறுபடி நிறுவுக' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். கணினி மையங்களில் படித்த ஒரு தலைமுறைக்கே அந்தப் பெட்டி மனப்பாடம். உதவி என்பது ஒரு பிழைச் செய்தி என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

அந்த மொழிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. விஷுவல் ஸ்டுடியோ 6-உடன் சேர்ந்து வேலை செய்யும் கடைசி எம்.எஸ்.டி.என். நூலகம் 2001 அக்டோபர் பதிப்பு. நிறுவனத்தின் ஆவணத் தளம் அதற்குப் பிறகு பெயரும் முகவரியும் மாறி மாறி, இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. பழைய இணைப்புகள் பல எங்கெங்கோ போய் நிற்கின்றன. ஆனால் அந்தக் காலத்து பில்லிங் மென்பொருளை இன்னும் ஓட்டும் கடைகள் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. விகிதம் மாறினால் அதில் கை வைத்தே ஆக வேண்டும். அப்போது கைகொடுப்பது, யாரோ தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்த 2001-ஆம் வருடத்துக் குறுந்தகடு. 'பழசாகிவிடும்' என்று சொல்லப்பட்ட பிரதி, பழசாக இருப்பதால்தான் இங்கே பயன்படுகிறது.

இந்த இடத்தில் டர்போ சி++-க்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நீலத் திரையோடு 1990-களின் தொடக்கத்தில் வந்த அந்த மென்பொருளை இந்தியக் கல்லூரிகள் இருபது வருடம் கழித்தும் விடாமல் கட்டிக்கொண்டு அழுதன என்ற கிண்டல் நியாயமானது. ஆனால் அதில் பிரிண்ட்எஃப் என்ற சொல்லின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல்-எஃப்1 தட்டினால், அந்த ஃபங்ஷனின் விளக்கமும் வெட்டி ஒட்டத் தயாரான ஓர் உதாரணமும் அங்கேயே திறக்கும். டயல்-அப் இணைப்புகூட இல்லாத ஊரில் ஒரு மாணவர் சி மொழியை முழுசாகத் துழாவிப் பார்க்க அது போதும். இருபது வருடம் பழைய மொழியைக் கற்பித்தது குற்றம். கையேடு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அதைக் கட்டியவர்கள் நினைத்தது குற்றமில்லை. பழசைக் கழிக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள்.

அடுத்து, 'இணையத்தில் போட்டது அழியாது' என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன. மொழிக் கையேடுகள் அவ்வளவு சுலபமாகப் போகாதே என்றால், அவையும் மனிதர்களின் சம்பளத்திலும் பொழுதுபோக்கிலும்தான் உயிர் வாழ்கின்றன. வலைநிரலாளர்கள் வேதமாக நினைக்கும் எம்.டி.என். தளத்தை நடத்தும் மொஸில்லா 2020 ஆகஸ்ட்டில் சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியது; அவர்களில் எம்.டி.என்.-க்கு எழுதிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பிறகு உள்ளடக்கத்தைப் பொதுவில் திறந்து, ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற தனி அமைப்பு 2021-ல் முளைத்து, ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. சி++ உலகின் முதன்மைக் குறிப்புத் தளமான சிபிபிரெஃபரன்ஸ் 2025 மார்ச் இறுதியில் யாரும் திருத்த முடியாதபடி பூட்டப்பட்டது. தற்காலிகம் என்றுதான் அறிவிப்பு சொன்னது, மாதங்கள் ஓடின. படிக்க முடிந்தது என்பதால் பலருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அந்தத் தளம் தன் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளவும் கொடுத்திருந்தது. அதை எடுத்து வைத்திருந்தவர்கள் பதறவில்லை.

காப்பகத்தின் கதையும் தெரிந்ததே. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவ் தாக்கப்பட்டது. 3.1 கோடிப் பயனர்களின் கணக்கு விவரங்கள் கசிந்தன, தளம் பல நாள் மூடிக் கிடந்தது. எல்லாருடைய கடைசிப் பிரதியும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடம் விழும் நாளில் எல்லாருக்கும் விழும்.

செயற்கை நுண்ணறிவு வாதம் இப்போது மிகவும் செல்லுபடியாவது. 'கையேடு எதற்கு, கேட்டால் சொல்கிறது' என்பவர்களிடம் இரண்டு விஷயம் பேச வேண்டும். ஒன்று சாதாரணமானது: 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற ஒரு நிறுவனத்தின் கோளாறில் சாட்ஜிபிடி உட்பட ஏகப்பட்ட சேவைகள் ஒரே நேரத்தில் தடுமாறின. அதற்கு முந்தைய மாதம் 20-ஆம் தேதி அமேசானின் கிளவுட் சேவை விழுந்தபோதும் இதே கதை. இரண்டாவதுதான் முக்கியம். இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இல்லாததை இருப்பதாகச் சொல்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மொழி மாதிரிகளிடம் எழுதி வாங்கிய 5,76,000 நிரல் துண்டுகளைச் சோதித்தார்கள். அவை பரிந்துரைத்த நிரல் தொகுப்புகளில், வணிக மாதிரிகளில் 5.2 சதவீதமும் திறமூல மாதிரிகளில் 21.7 சதவீதமும் உலகத்திலேயே இல்லாதவை. அப்படிப் பிறந்த கற்பனைப் பெயரில் ஒரு விஷமத் தொகுப்பைப் பதிவேற்றி வைத்துக்கொண்டு யாராவது மாட்டுவார்களா என்று காத்திருக்கலாம் என்பதால் இது வெறும் தமாஷ் இல்லை.

சரி, மாதிரி சொன்னது உண்மையா என்று எதில் சரிபார்ப்பது? இன்னொரு மாதிரியிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கையேட்டில் பார்ப்பதுதான் வழி. அதிலும் தன் பதிப்புக்கான கையேட்டில். மாதிரிக்கு எல்லாப் பதிப்பும் ஒரே குழம்பில் கொதித்தவை; 3.8 எங்கே முடிந்து 3.13 எங்கே தொடங்குகிறது என்று அது பல நேரம் பிரித்துச் சொல்லாது. செயற்கை நுண்ணறிவு பரவப் பரவ, கையருகே இருக்கும் சரியான கையேட்டின் தேவை கூடத்தான் செய்கிறது. சொந்தக் கணினியிலேயே ஓடும் சிறு மாதிரிகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இறக்கி வைத்த கையேட்டைப் படிக்கக் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

டேட்டா மலிவு என்ற வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். 2021 ஜனவரியில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தார். ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரின் நல்ல திட்டம். ஏப்ரலோடு அது முடிந்தது. 2024 ஜூலையில் ஜியோ, 239 ரூபாய்த் திட்டத்தை 299 ஆக்கியது. மலிவு என்பது இன்னொருவர் நிர்ணயிப்பது. இலவச டேட்டா வந்த அந்த நான்கு மாதத்தில் யூடியூபில் ஓடியதெல்லாம் ஓடிப்போயிற்று. அதில் ஒரே ஒரு நாள் ஒதுக்கீட்டில் பைத்தான், சி++, பிஎச்பி, ஜாவா, போஸ்ட்கிரெஸ் கையேடுகளை இறக்கியிருந்தால் படிப்பு முடியும்வரை கணினியில் இருந்திருக்கும். பைத்தானின் முழுக் கையேடும் சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வரும் கல்யாண வீடியோ இதைவிடப் பெரிசு.

இப்படி இறக்குவது திருட்டு ஆகாதா என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஆகாது. பைத்தான் தன் கையேட்டை எச்டிஎம்எல், ஈபப் என்று பல வடிவில் தானே இறக்கக் கொடுக்கிறது. பிஎச்பி-யும் அப்படியே. எம்.டி.என்., சிபிபிரெஃபரன்ஸ் இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை, நகலெடுத்து விநியோகிக்கவே அனுமதி உண்டு. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும் சீல் என்ற இலவச மென்பொருள் எந்தெந்த மொழி வேண்டும் என்று கேட்டு மொத்தத்தையும் இறக்கி, ஒரே தேடல் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும். டெவ்டாக்ஸ் அதையே பிரவுசருக்குள் செய்கிறது. கிவிக்ஸ் விக்கிப்பீடியாவையே சுருட்டிக் கையில் கொடுக்கிறது.

சில விஷயங்களில் ஆஃப்லைன் பிரதி உதவாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிளவுட் சேவைகளின் இடைமுகங்கள் வாரத்துக்கு வாரம் மாறும். அவற்றின் பக்கங்களை இறக்கி வைத்தால் வீண் வேலை. பாதுகாப்பு எச்சரிக்கைகள் சுடச்சுடத்தான் வேண்டும். அபூர்வமான ஒரு பிழைக்கு யாரோ ஒருவர் எழுதி வைத்த தீர்வைத் தேட இணையம்தான் கதி. ஆனால் ஒரு மொழியின் இலக்கணமும் அதன் அடிப்படை நூலகமும் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. அன்றாட நிரலெழுத்தில் பெரும்பகுதி அந்த இரண்டுக்குள்தான் நடக்கிறது.

மொழிகளை உருவாக்குகிறவர்களே இந்தப் பொதுக்கருத்தை நம்புவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1971 நவம்பரில் யூனிக்ஸின் முதல் கையேடு வந்தது. 'மேன்' என்று தட்டினால் கட்டளையின் விளக்கம் திரையில் வரும் வழக்கம் அந்தப் பரம்பரையில் இன்றும் தொடர்கிறது. ரஸ்ட் மொழியை நிறுவும்போது அதன் கையேடும் வழக்கமாகக் கூடவே இறங்கிவிடும். 'ரஸ்டப் டாக்' என்றால் இணையம் இல்லாமலே திறக்கும், அதுவும் நிறுவியிருக்கும் அதே பதிப்புக்கு. ஐசிபிசி நிரல் போட்டியின் உலக இறுதிச் சுற்றில் போட்டியாளர்களுக்கு இணையம் கிடையாது, மொழிகளின் கையேடு கணினியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உலகின் கெட்டிக்கார மாணவர்கள் வேலை செய்கிறார்கள். இணையத்தோடு ஒட்டே இல்லாமல் இயங்கும் இடங்களும் உண்டு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் புகுந்தது வெளியானபோது, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை என்பதைத்தான் அணுமின் கழகம் பதிலாகச் சொன்னது. அப்படிப்பட்ட அறைக்குள் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர் எதையும் கூகுள் செய்ய முடியாது.

தமிழில் எழுதப்பட்டவை விஷயத்தில் இது இயல்பாகவே நடந்திருக்கிறது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் வழியாக வந்த 'எளிய தமிழில்' வரிசை நூல்கள், து. நித்யா எழுதிய மைஎஸ்க்யூஎல் நூல் உட்பட, பிடிஎஃப், ஈபப் கோப்புகளாகக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயின. பென்டிரைவில் போட்டு நண்பருக்குக் கொடுக்கலாம், கடையில் பிரிண்ட் எடுக்கலாம். தமிழ்வழியில் படித்து வந்த எத்தனையோ பேருக்கு டேட்டாபேஸ் என்பதன் முதல் அறிமுகம் செல்போனில் இருந்த அந்த ஒரு கோப்புதான். இணையத்தில் மட்டும் வாழும் பக்கமாக அவை இருந்திருந்தால் இத்தனை கை மாறியிருக்காது.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இணைய இணைப்பு அந்தத் திட்டத்தில் சேரவில்லை. லினக்ஸ் பக்கம் திறந்தவர்களுக்கு அந்த 'மேன்' கட்டளைக் கையேடுகள் இலவசமாகக் காத்திருந்தன. அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தாரா என்பது ஊருக்கு ஊர் மாறியது. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களிலும் இப்போது அதே நிலைமைதான். பிளஸ் 2 பாடப்புத்தகம் பைத்தானை ஐடில் என்ற அதன் சொந்த எடிட்டரில் எழுதிப் பழகச் சொல்கிறது. விண்டோஸுக்கான பைத்தான் நிறுவி பல வருடங்களாக, முதல் பொத்தானை அழுத்தினாலே ஐடிலோடு முழுக் கையேட்டையும் சேர்த்து வன்தட்டில் போட்டுவிடும். ஐடிலில் எஃப்1 அழுத்தினால் முதலில் அந்த உள்ளூர்ப் பிரதியைத் தேடும். அது இல்லாவிட்டால்தான் இணையத்துக்குப் போகும். அப்படி நிறுவிய ஆய்வகங்களில், யாரும் இதுவரை அழுத்திப் பார்க்காத எஃப்1 விசைக்குப் பின்னால், அந்தந்தக் கணினியின் பதிப்புக்குச் சரியாகப் பொருந்தும் கையேடு வன்தட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வாத்தியார் செய்ய வேண்டியது, அடுத்த செய்முறை வகுப்பில் நெட்டை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு அந்த விசையைக் காட்டிக் கொடுப்பது.